முழு வேதாகமத்தையும் கிறிஸ்துவை மையமாக வைத்துக் கற்பிப்பது எப்படி?

கேள்வி இது: "சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை ஒரு வருடம் நடத்தும் பொறுப்பு வந்திருக்கிறது. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை, கிறிஸ்துவை மையமாக வைத்து நடத்தச் சொல்கிறார்கள். லேவியராகமம் மாதிரிப் புத்தகங்களை என்ன செய்வது? ஒவ்வொரு கதையிலும் இயேசுவை வலிந்து நுழைப்பது போல ஆகிவிடாதா?"

கவனமில்லாவிட்டால் ஆகத்தான் செய்யும். அந்தப் பயம் நல்லது, கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பயந்து பழைய ஏற்பாட்டை நீதிக்கதைத் தொகுப்பாக நடத்திவிட்டால் அதுவும் பிழைதான்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் வசனம் லூக்கா 24:27. உயிர்த்தெழுந்த அன்று எம்மாவுக்குப் போன இரண்டு பேருக்கு, "மோசே முதலிய சகல தீர்க்கதரிசிகளும் எழுதின வேதவாக்கியங்களெல்லாவற்றிலும்" தம்மைக் குறித்துச் சொல்லியவைகளை இயேசு விவரித்துக் காண்பித்தார். வசனத்தைச் சொல்கிறவர்கள் தூரத்தைக் கவனிப்பதில்லை. கிரேக்க மூலத்தின்படி எருசலேமிலிருந்து எம்மாவு 60 ஸ்தாதி, ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நடந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். அதிலும் அவர் வந்து சேர்ந்துகொண்டது நடுவழியில். இன்றைய கணக்கில் பழைய ஏற்பாட்டுக்கு 929 அதிகாரங்கள். ஒவ்வொரு வரியிலும் தம்மைக் காட்ட அந்த நேரம் போதாது. அவர் காட்டியது முழு வேதமும் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை. அதற்கு முன்வசனமும் 47-ஆம் வசனமும் சாட்சி: கிறிஸ்து பாடுபட வேண்டும், மகிமையில் பிரவேசிக்க வேண்டும், அவர் நாமத்தினாலே மனந்திரும்புதலும் பாவமன்னிப்பும் சகல தேசத்தாருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். பாடு, மகிமை, சகல தேசத்தார். இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தப் பகுதியை நடத்தினாலும், அது இந்த மூன்றில் எதை நோக்கி நகர்கிறது என்று கேட்டுப் பழகினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தப் பகுதி முதலில் யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை அவசரப்படாமல் வாசிப்பது. இந்த இரண்டாவது பாதியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள்.

எப்படி விழுகிறார்கள் என்பதை ஒரே பாடத்தில் பார்த்துவிடலாம்: 1 சாமுவேல் 17, தாவீதும் கோலியாத்தும்.

இதை வழக்கமாக இரண்டு விதமாக நடத்துகிறார்கள். ஒன்று, "உன் வாழ்க்கையின் கோலியாத் யார்? கடனா, பரீட்சையா, வியாதியா? தாவீதைப் போலத் தைரியமாய் நில்." மற்றொன்று, ஐந்து கூழாங்கல்லுக்கு ஐந்து பெயர்: விசுவாசம், ஜெபம், வசனம், துதி, கீழ்ப்படிதல். முதலாவதில் கிறிஸ்துவே இல்லை. தைரியம் வராத பிள்ளை குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போகும். இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த ஐந்து பெயரும் ஆசிரியரின் கற்பனையிலிருந்து வந்தவை. வேறொரு ஆசிரியர் வேறு ஐந்து சொல்வார், யார் சரி என்று கேட்டால் இருவருக்குமே பதில் கிடையாது. போதாததற்கு தாவீது எறிந்தது ஒரே ஒரு கல். மீதி நாலையும் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

அதிகாரத்தை அதன் போக்கிலேயே வாசித்தால் வேறொன்று தெரியும். கோலியாத் கேட்பது ஒருவனுக்கு ஒருவன் சண்டை (8, 9 வசனங்கள்). அவன் தோற்றால் பெலிஸ்தர் எல்லோரும் வேலைக்காரர். இஸ்ரவேலின் ஆள் தோற்றால் இஸ்ரவேலர் எல்லோரும் வேலைக்காரர். ஒரே ஆள் எல்லோருக்காகவும் நிற்கிறான். நாற்பது நாள் யாரும் முன்வரவில்லை. சவுலும் சேனையும் கலங்கிப் பயப்படுகிறார்கள் (11). முந்தின அதிகாரத்தில் சாமுவேல் யாரைத் தைலத்தால் அபிஷேகம் பண்ணினார்? தாவீதை. எபிரெயத்தில் "மேசியா", கிரேக்கத்தில் "கிறிஸ்து" என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்றுதான் பொருள். ஆக, அபிஷேகம் பெற்ற பெத்லெகேமியன் தன் ஜனத்துக்காகத் தனியாகப் போகிறான், ஜெயிக்கிறான். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த சேனை அதற்குப் பிறகே எழுந்து ஆர்ப்பரித்துத் துரத்துகிறது (52). இந்தக் கதையில் நம் இடம் தாவீதின் இடம் அல்ல, ஏலா பள்ளத்தாக்கில் நடுங்கி நின்றவர்களின் இடம். இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நேரம் ஆகும்.

இதை 45 நிமிட வகுப்பில் இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம், பகுதியைச் சத்தமாக வாசிப்பது. 58 வசனமும் வேண்டாம். 1-11, 32-37, 45-52 போதும். அடுத்த 12 நிமிடம் கதைக்குள்ளேயே நிற்கும் கேள்விகள்: சண்டையின் விதி என்ன? யார் யாருக்காக நிற்கிறான்? சேனை எப்போது ஓடத் தொடங்குகிறது? இந்தக் கட்டத்தில் இயேசுவின் பெயரே வரக் கூடாது. யாராவது அவசரப்பட்டுச் சொன்னால், "வருவோம், இரு" என்று நிறுத்துங்கள். பிறகு 8 நிமிடம் சாமுவேல் புத்தகத்துக்குள்: 16-ஆம் அதிகாரத்தின் அபிஷேகம், 2 சாமுவேல் 7-இன் வாக்குத்தத்தம், 2 சாமுவேல் 11-இல் அதே தாவீது விழுவது. அந்த விழுகையை விடவே கூடாது. தாவீது போதாது என்று புத்தகமே சொல்லும் இடம் அது. அடுத்த 10 நிமிடம் எபிரெயர் 2:14, 15: மரணத்துக்கு அதிகாரியானவனை மரணத்தினாலே அழித்து, மரணபயத்தினால் அடிமைகளாயிருந்தவர்களை விடுதலையாக்கினார். கோலியாத்தின் தலையை வெட்டியது அவனுடைய சொந்தப் பட்டயம் (51) என்பதை இங்கே ஞாபகப்படுத்தலாம். ஆனால் "இது நாம் காணும் ஒப்புமை, புதிய ஏற்பாடு நேரடியாகச் சொன்னதல்ல" என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அந்த நேர்மை முக்கியம். கடைசி 5 நிமிடம், துரத்துகிற சேனை: ஜெயித்தவர் பின்னால் ஓடுகிறவனுக்கும் தானே ஜெயிக்கப் போகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? தைரியம் என்ற பேச்சுக்கு இங்கேதான் இடம்.

பகுதியிலிருந்து கிறிஸ்துவுக்குப் போகும் வழி ஒன்றல்ல, பல. புதிய ஏற்பாடே பெயர் சொல்லிக் காட்டுகிற இடங்கள் இருக்கின்றன: ஆதாம் (ரோமர் 5:14, "முன்னடையாளம்" என்ற சொல்லே அங்கிருந்துதான்), பஸ்கா (1 கொரிந்தியர் 5:7), வெண்கலச் சர்ப்பம் (யோவான் 3:14), யோனா (மத்தேயு 12:40), மெல்கிசேதேக்கு (எபிரெயர் 7). இங்கெல்லாம் தயக்கமே வேண்டாம். சில பகுதிகள் வாக்குத்தத்தமாக ஓடுகின்றன. சில பகுதிகள் ஒரு வெற்றிடத்தைக் காட்டிவிட்டு முடிகின்றன: நியாயாதிபதிகள் புத்தகம் "இஸ்ரவேலில் ராஜா இல்லை" என்ற வரியோடு முடிவது அப்படித்தான். சிம்சோனைக் கிறிஸ்துவாக்கச் சிரமப்படுவதை விட, இந்தப் புத்தகம் எப்படிப்பட்ட ராஜாவுக்காக ஏங்குகிறது என்று கேட்பது நேர்வழி. எஸ்தரில் தேவனுடைய பெயரே இல்லை. அங்கே யூதர்களை அழிக்க நினைத்த ஆமானின் திட்டம் பலித்திருந்தால் தாவீதின் வம்சம் என்ன ஆகியிருக்கும் என்ற ஒரே கேள்வி போதும்.

எல்லை எங்கே என்பதற்கு, வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிறு (யோசுவா 2) நல்ல உதாரணம். அது கிறிஸ்துவின் இரத்தம் என்று முதல் நூற்றாண்டின் கடைசியிலேயே ரோமாபுரிச் சபைத் தலைவர் கிளெமெந்து எழுதிவிட்டார். இன்றும் பிரசங்கங்களில் கேட்கலாம். புதிய ஏற்பாட்டில் ராகாப் மூன்று இடத்தில் வருகிறாள்: மத்தேயு 1:5, எபிரெயர் 11:31, யாக்கோபு 2:25. கயிறு ஒரு இடத்திலும் இல்லை. மத்தேயு அவளை வம்ச அட்டவணையில் வைக்கிறார், அதாவது புறஜாதிப் பெண் ஒருத்தி கிறிஸ்துவின் மூதாட்டியாகிறாள். எபிரெயரும் யாக்கோபும் அவள் விசுவாசத்தையும் கிரியையையும் பேசுகிறார்கள். "சகல தேசத்தார்" என்ற நம் மூன்றாவது சொல் இங்கே கனமாக நிற்கிறது. கயிற்றின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் இவ்வளவும் கைநழுவிப் போகும். நிறம், எண்ணிக்கை, மரச்சாமான் என்று பொருள்களின் மேல் ஏறுவதை விட, யார் யாருக்காக என்ன செய்தார்கள் என்ற நிகழ்ச்சியின் மேல் ஏறுவது பாதுகாப்பு. பவுல் கலாத்தியர் 4:24-இல் ஆகார், சாராள் கதைக்கு "ஞான அர்த்தம்" சொல்கிறாரே என்று யாராவது கேட்பார்கள். சொன்னார், அப்படிச் சொல்கிறேன் என்று அறிவித்துவிட்டுச் சொன்னார். அப்போஸ்தலன் ஒருமுறை செய்ததை நாம் ஞாயிறுதோறும் செய்ய அது அனுமதிச் சீட்டு ஆகாது.

தமிழில் நடத்துகிறவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு சில இழைகளை அறுத்துவிடுகிறது, சில இடங்களில் இல்லாத முடிச்சைப் போடுகிறது. இணை வசனங்களைக் காட்டும் ஒத்தவாக்கிய வேதாகமத்தை மட்டும் நம்பினால் இது தெரியாது.

ஆதியாகமம் 3:15-இல் "வித்து" என்று வருகிறது. ஆபிரகாமிடம் வரும்போது (12:7, 22:18) அது "சந்ததி" ஆகிறது. தாவீதுக்கு (2 சாமுவேல் 7:12) "சந்ததி", கலாத்தியர் 3:16-இலும் "சந்ததி". எபிரெயத்தில் முதல் மூன்று இடத்திலும் ஒரே சொல், "செரா". ஏதேனில் தொடங்கிய இழை ஆபிரகாம் வீட்டு வழியாக தாவீதின் வீட்டுக்குப் போவது, மூலத்தில் வாசிக்கிறவனுக்குக் கண்ணில் படும். தமிழில் வாசிக்கிறவனுக்கு ஆசிரியர் சொன்னால்தான் தெரியும். கரும்பலகையில் "வித்து = சந்ததி" என்று எழுதி வருடம் முழுக்க அழிக்காமல் வைத்தாலும் தகும். அதே 3:15-இல் இன்னொன்று: "அவர் உன் தலையை நசுக்குவார்." அந்த மரியாதைப் பன்மை மொழிபெயர்ப்பாளரின் விசுவாச அறிக்கை. எபிரெயத்தில் இருப்பது ஆண்பால் ஒருமைதான்; வித்து என்ற சொல்லும் ஆண்பால். முடிவு சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் "பாருங்கள், 'அவர்' என்றே போட்டிருக்கிறது" என்று வாதத்துக்கு அதை எடுக்காதீர்கள். "கர்த்தருடைய தூதனானவர்" என்ற வழக்கும் இதே வகை. தானியேல் 3:25-இல் "தேவபுத்திரனுக்கு ஒப்பாயிருக்கிறது" என்று சொல்வது நேபுகாத்நேச்சார் என்பதையும், மூன்று வசனம் தாண்டி அவனே "தூதன்" என்று சொல்வதையும் சேர்த்தே வாசியுங்கள்.

ரூத் புத்தகத்தில் போவாஸ் "சுதந்தரவாளி". யோபு 19:25-இல் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்". ஏசாயாவிலும் கர்த்தர் "மீட்பர்". மூலத்தில் இவை எல்லாம் ஒரே சொல், "கோவேல்": சொந்தக்காரன் என்ற உரிமையினால் கடனையும் நிலத்தையும் விதவையையும் மீட்டுக்கொள்ள வேண்டிய நெருங்கின உறவினன். ரூத் நான்காம் அதிகாரத்தை நடத்தும் அன்று இந்த ஒரு சொல்லை விளக்கிவிட்டால், மீட்பர் என்ற பழகித் தேய்ந்த வார்த்தைக்கு ரத்தமும் சதையும் வந்துவிடும். மீட்கத் தகுதி வேண்டும், அதாவது உறவு. வசதி வேண்டும், மனதும் வேண்டும். போவாஸை விட நெருங்கின அந்தப் பெயர் தெரியாத உறவினனுக்கு முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. வார்த்தை மாம்சமானதை, அவர் நமக்கு உறவினரானதை, இங்கிருந்து பேசுவது எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்.

எதிர்ப்பக்கப் பொறி "கிருபாசனம்". யாத்திராகமம் 25-இல் பெட்டியின் மேல்மூடி கிருபாசனம். எபிரெயர் 4:16-இலும் "கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்". உடனே இரண்டையும் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் 4:16-இல் கிரேக்கச் சொல் "கிருபையின் சிங்காசனம்". பெட்டியின் மூடிக்குக் கிரேக்க பழைய ஏற்பாடு பயன்படுத்திய "ஹிலாஸ்தேரியோன்" என்ற சொல் வருவது எபிரெயர் 9:5-இலும், நாம் எதிர்பாராத ரோமர் 3:25-இலும். அங்கே தமிழில் "கிருபாதாரபலி". இரத்தம் தெளிக்கப்படும் அந்த இடம் கிறிஸ்துவே என்று பவுல் சொல்வதாக வாசிக்க நல்ல ஆதாரம் இருக்கிறது; தமிழ் வாசகனுக்கு அது மறைந்து கிடக்கிறது. லூக்கா 9:31-ம் அப்படியே. மறுரூப மலையில் மோசேயும் எலியாவும் எருசலேமிலே நிறைவேறப்போகிற அவருடைய "மரணத்தைக்குறித்து" பேசினார்கள் என்கிறது தமிழ். கிரேக்கத்தில் "எக்சோதோஸ்", புறப்பாடு. யாத்திராகமப் புத்தகத்தின் கிரேக்கப் பெயரே அதுதான். செங்கடலைக் கடந்த மோசே நின்று இன்னொரு புறப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்! யாத்திராகமப் பாடங்களை முடிக்கும் அன்று இந்த வசனத்தை வைத்திருங்கள்.

லேவியராகமத்துக்கு வருவோம். இரண்டே பாடம் போதும். முதலாவது 1 முதல் 7 வரையுள்ள ஐந்து பலிகள்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. ஒவ்வொன்றிலும் எது பலிபீடத்துக்கு, எது ஆசாரியனுக்கு, எது கொண்டுவந்தவனுக்கு என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கொண்டுவந்தவன் உட்கார்ந்து சாப்பிடுவது சமாதானபலியில் மட்டும்தான் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரலின் ஜவ்வு ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடாதீர்கள்.

இரண்டாவது 16-ஆம் அதிகாரம், பாவநிவாரண நாள். இதைக் கண்ணால் பார்க்கும்படி நடத்த வேண்டும். ஆசரிப்புக் கூடாரத்தின் பிராகாரம் 100 முழம் நீளம், 50 முழம் அகலம். சுமார் 45 மீட்டருக்கு 22.5 மீட்டர். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 9 மீட்டருக்கு 4.5 மீட்டர். கோயில் முற்றத்தில் சுண்ணாம்பால் அல்லது கயிற்றால் போட்டுவிடலாம். உள்ளே கூடாரம் 2.7 மீட்டருக்கு 0.9 மீட்டர், அதன் கடைக்கோடியில் மகா பரிசுத்த ஸ்தலம் 0.9 மீட்டர் சதுரம், ஒருவர் மட்டும் நிற்க இடம். எல்லோரையும் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, ஒருவரை மட்டும் வருடத்தில் ஒரே நாள் உள்ளே அனுப்புங்கள். முதலில் அவர் தமக்காகவே ஒரு காளையைப் பலியிட வேண்டும் (16:6) என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். எபிரெயர் 7:27 தொடுவது அந்த இடத்தைத்தான். பிறகு இரண்டு வெள்ளாட்டுக்கடா. ஒன்று சாகிறது, அதன் இரத்தம் உள்ளே போகிறது. மற்றதன் தலையில் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து அக்கிரமங்களை அறிக்கையிட, அது போக்காடாக வனாந்தரத்துக்குப் போகிறது. வகுப்பிலுள்ள ஒருவரையே போக்காடாக்கி வாசலைத் தாண்டி நடக்கவிட்டு, கண்ணுக்கு மறையும் வரை மற்றவர்கள் பேசாமல் பார்க்கட்டும். பாவம் மூடப்படுவதும் அகற்றப்படுவதும் அப்போது விளங்கும். புதிய ஏற்பாடு போக்காட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் ஏசாயா 53:6 வழியாகப் போங்கள். பலியானவைகளின் உடல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்படுவதை எபிரெயர் 13:11, 12 வெளிப்படையாகவே எடுக்கிறது.

முடிக்கும்போது, பணிமுட்டுகளை எண்ணச் சொல்லுங்கள்: பலிபீடம், தொட்டி, குத்துவிளக்கு, மேஜை, தூபபீடம், பெட்டி. நாற்காலி எங்கே? கிடையாது. ஆசாரியன் நாள்தோறும் நிற்கிறவன், இவரோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் என்று எபிரெயர் 10:11, 12 சொல்வது அப்போது சுரீரென்று உறைக்கும்.

பலி என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகள் மனதில் எழுவது நேர்த்திக்கடனுக்குக் கிடா வெட்டுவதுதான், அதாவது மனிதன் கொடுப்பது. லேவியராகமம் 17:11 இதைத் திருப்பிப் போடுகிறது. இரத்தத்தை "நான் உங்களுக்குக் கொடுத்தேன்" என்கிறது எபிரெயம். தமிழில் "கட்டளையிட்டேன்" என்று இருப்பதால் வேகம் தெரிவதில்லை. யாருடைய வழிபாட்டையும் கேலி செய்யாமல் இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம்.

சங்கீதங்களில் 2, 16, 22, 110 ஆகியவற்றை எடுத்தால் போதும். 16-ஐ அப்போஸ்தலர் 2-இல் பேதுரு எப்படி வாசிக்கிறார் என்று பின்தொடருங்கள்: தாவீது மரித்தான், கல்லறை இங்கே இருக்கிறது, ஆகவே அவன் தன்னைத் தாண்டி ஒருவரைப் பார்த்தான். பழைய ஏற்பாட்டை வாசிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நீதிமொழிகளை நேரடி ஞானமாகவே நடத்துங்கள். கிறிஸ்து தேவஞானம் என்று (1 கொரிந்தியர் 1:24) ஒருமுறை சொன்னால் போதும். சோம்பேறிக்கும் எறும்புக்கும் சிலுவை தேட வேண்டாம்.

தீர்க்கதரிசிகளில் ஓசியா 11:1-ஐத் தவறவிடாதீர்கள். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்பது ஓசியாவில் முன்னறிவிப்பு அல்ல, யாத்திரையைத் திரும்பிப் பார்ப்பது. மத்தேயு 2:15 அதை இயேசுவுக்கு எடுக்கும்போது வசனத்தைப் பிடுங்கி எடுப்பது போலத் தோன்றும். தொடர்ந்து வாசித்தால் தெரியும்: எகிப்திலிருந்து வருகிறார், தண்ணீரில் இறங்குகிறார், நாற்பது நாள் வனாந்தரத்தில் இருக்கிறார், சோதனைக்காரனுக்குச் சொல்லும் மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து, அதாவது இஸ்ரவேல் வனாந்தரத்தில் தோற்ற இடங்களிலிருந்து. முதல் குமாரனாகிய இஸ்ரவேல் தவறிய பாதையில் இந்தக் குமாரன் தவறாமல் நடக்கிறார். சோதனையை வெல்ல வசனம் மனப்பாடம் செய் என்ற பாடம் இதற்குப் பிறகு வரட்டும்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை பற்றி நிச்சயம் கேள்வி வரும். எரேமியா 29:11-ஐச் சுவரில் மாட்டாத வீடு குறைவு. கிழிக்கச் சொல்லாதீர்கள், முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்: எழுபது வருஷம். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே சாகப்போகிறவர்கள். அவர்களுக்கும் அது வாக்குத்தத்தம்தான் என்றால் எப்படி? இதிலிருந்து 2 கொரிந்தியர் 1:20-க்குப் போங்கள்: வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம், ஆமென்.

வருடத் திட்டம். 52 வாரம் என்று கணக்குப் போடாதீர்கள். கிறிஸ்துமஸ், பரிசுத்த வாரம், அறுப்பின் பண்டிகை, விடுமுறை வேதாகமப் பள்ளி, மழை எல்லாம் போக 40 வகுப்பு கிடைத்தால் நல்லது. ஆதியாகமத்துக்கு 7, யாத்திராகமத்துக்கு 5, லேவியராகமத்துக்கு 2, எண்ணாகமமும் உபாகமமும் சேர்த்து 2, யோசுவா முதல் ரூத் வரை 3, சாமுவேல் முதல் ராஜாக்கள் வரை 5, சங்கீதமும் ஞான நூல்களும் 4, தீர்க்கதரிசிகள் 5, சிறையிருப்பிலிருந்து திரும்பின காலம் 1. ஆக 34. புதிய ஏற்பாட்டுக்கு 6: சுவிசேஷங்கள் 3, அப்போஸ்தலர் 1, நிருபங்கள் 1, வெளிப்படுத்தல் 1. ஆறு வகுப்பா என்று மூப்பர் யாராவது முகம் சுளிப்பார்கள். ஒவ்வொரு வாரமும் புதிய ஏற்பாட்டைத் திறக்கத்தான் போகிறீர்கள் என்று காட்டுங்கள். ஆதியாகமத்தில் முதல் மூன்று அதிகாரத்துக்கு மட்டும் மூன்று வகுப்பு கொடுங்கள். அங்கே அவசரப்பட்டால் வருடம் முழுக்கக் கடன் துரத்தும்.

நடுவில் எங்கே சரியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது வாரம் வாக்கில் மாணவர்கள் முடிவை முன்கூட்டியே சொல்லத் தொடங்குவார்கள்: "கடைசியில் இயேசு சிலுவையில் மரித்தார், அதானே அண்ணா?" குற்றம் அவர்கள் மேல் இல்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே கடைசி ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் முடிப்பதன் விளைவு அது. போவாஸிலிருந்து வந்தால் அவருடைய உறவு, லேவியராகமத்திலிருந்து வந்தால் அவருடைய ஆசாரியத்துவம், சங்கீதம் 2-லிருந்து வந்தால் அவருடைய ராஜரிகம், சங்கீதம் 16-லிருந்து வந்தால் உயிர்த்தெழுதல். பாடக் குறிப்பின் கடைசி வரியை மட்டும் நான்கு வாரத்துக்கு அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி இருந்தால், பகுதியின் வழியில் நடக்காமல் குறுக்குவழியில் தாண்டியிருக்கிறீர்கள்.

இன்னொரு சரிவு, பழைய ஏற்பாட்டு மனிதர்களை வெறும் நிழலாக்கிவிடுவது. ஆதியாகமம் 22-இல் மோரியா, விறகு சுமக்கும் மகன், மூன்றாம் நாள், "ஏகசுதன்" என்று ஒப்புமைகளை அடுக்கிக்கொண்டே போனால், மூன்று நாள் நடந்த தகப்பனின் நெஞ்சு காணாமல் போகும். ஈசாக்கு கேட்கும் கேள்வியை (22:7) வாசித்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அதன் கனம் தெரிந்தவனுக்குத்தான் ரோமர் 8:32 விளங்கும். மூன்றாவது சரிவு யூதர்களை இளக்காரமாகப் பேசுவது: "இவ்வளவு தெளிவாக இருந்தும் அவர்களுக்குத் தெரியவில்லை." எம்மாவு வழியில் நடந்த சீஷர்களுக்கும் தெரியவில்லை. அவர் அப்பம் பிட்கும் வரை கண் திறக்கவில்லை.

நாற்பதாவது வகுப்பில் நீங்கள் பேச வேண்டாம். ஆளுக்கு இரண்டு தாள் கொடுங்கள்: ஒன்றில் ஆதியாகமம் 2, 3 அதிகாரங்கள், மற்றொன்றில் வெளிப்படுத்தின விசேஷம் 21, 22. பேனாவால் ஒன்றுபோல வருவதையெல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள். நதி, ஜீவவிருட்சம், பொன், சாபம், மனிதரோடு தேவன் தங்குவது. இருபது நிமிடம் ஆகும். பிறகு முதல் தாளில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒருவரை அடிக்கோடிடச் சொல்லுங்கள். "ஆட்டுக்குட்டியானவர்" என்ற சொல்லை எத்தனை இடத்தில் கண்டார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும். எண்ணிக்கையில் சண்டை வரும், திரும்ப எண்ணுவார்கள்.